ஒட்டகத்துக்கு மூன்று லிட்டர்

துணிக்கடையில் எல்லோரும் அவளை ஒட்டகம் என்றுதான் கூப்பிட்டார்கள். நாளெல்லாம் நின்று விற்கிறவள் கழிப்பறைக்குப் போனால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார். அதனால் இருபத்திரண்டு வருஷம் தண்ணீரையே குறைத்துக்கொண்டவள். புற்றுநோய் வந்தபின் அவளைப் பார்த்து டாக்டர், தினமும் மூன்று லிட்டர் குடிக்கச் சொன்னார். கீமோ மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்காமலிருக்க ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, சிறுநீர் பிரிய ஊசியும் போட்டார்கள். வீட்டில் தண்ணீர்தான் காவல்.

கணவர் தச்சர், முழங்கால் தேய்ந்தவர். "குடிடி ஒட்டகம்" என்று டம்ளரை நீட்டுவார். கழிப்பறை வாசல்வரை அவளைத் தாங்கிப்போய், அவள் சிறுநீர் பிடித்துக் கொண்டுவரும் குவளையை அளந்து நோட்டில் எழுதுவார். அவர் அளவு தப்பியதே இல்லை. வினையே அதுதான்; அந்த நோட்டை எல்லோரும் நம்பினார்கள்.

நான்காவது சுற்றுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. கட்டியைக் கரைத்துவந்த மருந்தை இனிக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர்.

"அளவெல்லாம் சரியா இருக்கே டாக்டர்" என்று நோட்டை நீட்டினார் தச்சர்.

"அவர விடுங்க" என்றாள் அவள். "பாதித் தண்ணிய நான் கீழ ஊத்திட்டேன். குவளையில குழாய்த் தண்ணிய கலந்தேன்."

"ஏம்மா இப்படி?"

"நான் போற ஒவ்வொரு தடவையும் அந்தக் காலோட எந்திரிக்கிறாரு. பாக்க முடியல."

தச்சர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"கால் வலிச்சா வலிச்சிட்டுப் போகுது. நீ இல்லாம இந்தக் கால வெச்சிக்கிட்டு நான் எங்கடி போவேன்?"

நர்ஸ் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.