ஸ்பிரிங்ஃபீல்டில் நான் எடுத்துப் போட்ட பந்து

ஜூன் 18, 1993, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது நாற்பதுக்கு பிளெய்ன்ஸ்பரோவில் உள்ள என் தம்பி வீட்டிலிருந்து காரில் புறப்பட்டோம். போக வேண்டிய ஊர் ஸ்பிரிங்ஃபீல்டு. அதே நியூ ஜெர்சி மாநிலம்தான், ஏறத்தாழ முப்பத்தைந்து மைல். அங்கே யு.எஸ். ஓபன் என்ற கோல்ஃப் போட்டி நடந்துகொண்டிருந்தது.

எனக்கும் கோல்ஃபுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெரம்பூரில் ஒரு கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சராக இருக்கிறேன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. ஆறு வாரம் தங்கிப் போகலாம் என்று தம்பி ராஜ் டிக்கெட் அனுப்பி வரவழைத்திருந்தான். போட்டிக்கு அவனுடைய கம்பெனி மேனேஜர் இரண்டு அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தார். தம்பி மனைவிக்கு அன்று ஆஸ்பத்திரியில் டியூட்டி. அதனால் அவளுடைய சீட்டு என் கழுத்தில் தொங்கியது.

வழியில் பெட்ரோல் போட்டோம். இந்த மாநிலத்தில் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாதாம், பங்க் ஆள்தான் போட வேண்டும். கேலன் ஒரு டாலர் ஐந்து சென்ட். மைதானத்திலிருந்து வெகு தூரத்தில் ஒரு புல்வெளியில் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து இலவச பஸ்ஸில் போனோம். வெயில் நம் சித்திரை மாதிரி. ராஜ் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தான். பருத்திப் புடவையும் அந்தத் தொப்பியுமாக நான் இறங்கியபோது இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

உள்ளே நுழைந்ததும் ராஜ் போட்டியைப் பற்றிய புத்தகம் ஒன்று வாங்கினான். மர நிழலில் உட்கார்ந்து அதிலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். 1895-இல் ரோட் ஐலண்டில் இந்தப் போட்டி தொடங்கியபோது ஆடியது பதினொரு பேர்தான். ஒன்பது குழி உள்ள சின்ன மைதானத்தை நான்கு முறை சுற்றி, ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். மறு வருஷம் ஒரு கறுப்பு இளைஞர் ஆட வந்தார். அவரோடு ஆட மாட்டோம் என்று மற்றவர்கள் முரண்டு பிடித்தார்கள். அவரை விலக்க முடியாது, யாரும் வராவிட்டாலும் போட்டி நடக்கும் என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டாராம். அந்த இளைஞர் பின்னாளில் இந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊரில்தான் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறார். 1913-இல் மைதானத்துக்கு எதிர் வீட்டில் இருந்த இருபது வயதுப் பையன், பணக்காரர்களுக்குப் பை தூக்கியவன், இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு பெரிய ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தான்.

“ஓபன்னா அதான் அக்கா, யாரு வேணா வரலாம். க்வாலிஃபை பண்ணணும், அவ்ளோதான்” என்றான் ராஜ்.

அப்படித் தகுதி பெற்று வந்த ஒருவரின் பின்னால்தான் நாங்கள் மதியம் நடந்தோம். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. நாற்பது வயதிருக்கும். நியூ ஜெர்சிக்காரர்தான். மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஆட்டம் சொல்லித்தருவது அவர் பிழைப்பு என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பல வருஷம் முயன்று இந்த முறைதான் உள்ளே வந்திருக்கிறார். பெரிய பெயர்களின் பின்னால் ஆயிரக்கணக்கில் கூட்டம். இவர் பின்னால் முப்பது பேர்கூட இல்லை. கூட்டமில்லாததால்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

போட்டி நான்கு நாள். முதல் இரண்டு நாள் முடிந்ததும், முதல் அறுபது இடங்களுக்குள்ளோ அறுபதாவது ஆளுக்குச் சமமாகவோ முதலிடத்துக்குப் பத்து அடிக்குள்ளோ இருப்பவர்கள் மட்டும் சனி, ஞாயிறு ஆடலாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இவர் அந்தக் கோட்டின்மேல் நின்றுகொண்டிருந்தார். குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் இதில் முன்னிடம்; ஒரு அடி கூடினாலும் வெளியே.

மணி நாலரை இருக்கும். ராஜ் எலுமிச்சை ஜூஸ் வாங்கப் போயிருந்தான். ஆடும் இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே, ஜனங்கள் நடந்து நடந்து புல் காய்ந்து தரையோடு படிந்து கிடந்த பாதையில் நான் ஒரு மரத்தடியில் தனியாக நின்றேன். சற்றுத் தள்ளி ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து வேறு பக்கம் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டிக்கு உதவியாக வந்த, தொப்பி போட்ட தொண்டர் ஒருவர் இன்னும் எட்டத்தில் இருந்தார்.

மேலே கிளையில் டக்கென்று ஒரு சத்தம். பந்து விழுந்து, உருண்டு, என் செருப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

எங்கள் தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வராத நாள் கிடையாது. குழாயடிச் சேற்றோடு வரும். எடுத்துத் துடைத்துத் திரும்பப் போடுவேன், “தேங்க்ஸ் டீச்சர்” என்பார்கள். இதையும் அப்படியே எடுத்தேன். கைக்குட்டையால் ஒரு துடை துடைத்தேன். கயிற்றைத் தாண்டி உள்ளே மெதுவாகத் தூக்கிப் போட்டேன். அங்கே கணுக்கால் மறையும் உயரத்தில் அடர்ந்த பச்சைப் புல். பந்து அதில் விழுந்து அடியில் போய்விட்டது. ஏதோ உதவி செய்துவிட்ட திருப்தியில்தான் நின்றேன்.

ராஜ் இரண்டு கோப்பைகளோடு வந்தான். “பந்து இங்க வந்துச்சுடா, எடுத்துப் போட்டேன்” என்றேன்.

அவன் முகம் மாறியது. ஜூஸைக் கீழே வைத்தான். குரலைத் தாழ்த்தி, அது கிடந்த இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும், வேறு யாரும் தொடவே கூடாது என்றான். யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். எடுத்ததைச் சொன்னால் பழைய இடத்திலேயே வைத்து ஆடலாம், அவருக்குத் தண்டனை கிடையாது என்றான். அப்படியானால் சொல்லிவிடலாமே என்றேன்.

“நீ வாயத் திறக்காத அக்கா. மேனேஜர் குடுத்த பாஸ் இது. நம்பர் இருக்கு. என் கிரீன் கார்டு பேப்பர் இப்ப அவர் டேபிள்லதான் கிடக்கு.”

அதற்குள் தொண்டர் ஓடி வந்து, புல்லுக்குள் பந்தைக் கண்டுபிடித்து, பக்கத்தில் ஒரு சின்னக் கொடியை நட்டார். நாங்கள் பின்னால் நடந்த அந்த ஆட்டக்காரர் வந்தார். பந்து கிடந்த கோலத்தைப் பார்த்தார். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, மரத்தில் பட்டு உள்ளே போனதா, நீங்கள் பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். அவ்வளவு ஆங்கிலம் எனக்குப் புரியும். ராஜ், மன்னிக்கவும், நாங்கள் பார்க்கவில்லை என்றான்.

அவர் என்னையும் ஒரு கணம் பார்த்தார். பந்து முதலில் கிடந்த இடத்தின்மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். “ஹியர்” என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் எனக்குத் தெரியும். கையை நீட்டிக் காட்டியிருந்தால் அதுகூட வேண்டியதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதல் அடியில் புல் மட்டும் கொத்தாகப் பறந்தது. பந்து நாலடி நகர்ந்து மறுபடியும் புல்லுக்குள்ளேயே கிடந்தது. இரண்டாவது அடியில்தான் வெளியே வந்தது.

ராஜ் போய்விடலாம் என்றான். நான் கேட்கவில்லை. கடைசிக் குழி வரை அவர் பின்னால் நடந்தேன். எங்கேயாவது ஒரு அடியை அவர் மீட்டுக்கொள்ள வேண்டும் என்று ஜெபமாலையைக் கைக்குள் உருட்டிக்கொண்டே போனேன். மீட்கவில்லை. ஆறரை மணிக்குத் தொப்பியைக் கழற்றி கூட ஆடிய இருவரோடும் கைகுலுக்கிவிட்டு ஒரு கூடாரத்துக்குள் போனார்.

சனிக்கிழமை காலை நான் கேட்டேன் என்று தம்பி மகள் ஷெரின் செய்தித்தாளில் பெயர்ப் பட்டியலைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குப் பதினேழு வயது. பத்து வயதில் இங்கே வந்தவள். நம் தமிழ் புரியும், பதில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் வரும். “ஒன் ஸ்ட்ரோக், அத்தை. ஜஸ்ட் ஒன்” என்றாள். ஒரே ஒரு அடியில் அவர் வெளியே. நான் கேட்டதன் காரணம் அவளுக்கு அப்போது தெரியாது.

பிறகு அவளாகவே அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வந்து ஒரு பக்கத்தைச் சொன்னாள். 1925-இல் இதே போட்டியில் ஒருவர் அடிக்கத் தயாரானபோது பந்து ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டதாம். யாரும் பார்க்கவில்லை. அவரே போய்ச் சொல்லித் தன் கணக்கில் ஒரு அடியைக் கூட்டிக்கொண்டார். அந்த ஒரு அடியால்தான் அந்த வருஷம் கோப்பை அவர் கையைவிட்டுப் போனது. இதைப் போய்ப் பாராட்டுவதா என்று பாராட்டியவர்கள்மேல் எரிந்து விழுந்தாராம். ஷெரின் அதை ஒரு நல்ல கதையாகத்தான் சொன்னாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

அன்று மாலை நாலு மணிக்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனம். எனக்கு ஆங்கிலத்தில் பாவம் சொல்ல வராது. சுவாமியார் சிரித்துக்கொண்டே உங்கள் பாஷையிலேயே சொல்லுங்கள் என்று சைகை காட்டினார். பந்து, கயிறு, புல், தம்பி, எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவருக்கு ஒரு சொல்கூட விளங்கியிருக்காது. கையைத் தூக்கி மன்னிப்புக் கொடுத்தார். வெளியே வந்து ஷெரின் காத்திருந்த காரில் உட்கார்ந்தபோது, ஒரு காரியத்தையும் முடிக்காமல் வந்த மாதிரி இருந்தது. அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அன்றிரவே டெலிபோன் டைரக்டரியில் அவர் வேலை செய்யும் இடத்தைத் தேடி எடுத்தாள். ராஜ் கோபப்படவில்லை. “சொன்னா அந்த ஸ்ட்ரோக் திரும்பி வந்துடுமா?” என்று மட்டும் கேட்டான். வராது என்றேன்.

ஞாயிறு பூசை முடிந்து ஷெரின் கார் ஓட்ட நாற்பது நிமிஷம் போனோம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பயிற்சித் திடல். ஒரு வாளி பந்து நாலு டாலர் என்று பலகை. அவர் ஒரு நடுத்தர வயது அம்மாளுக்கு மட்டையைப் பிடிக்கும் விதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்த நேரம் அது.

பாடம் முடியும்வரை நின்றோம். நான் சொல்லச் சொல்ல ஷெரின் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒன்றுதான் கேட்டார். பந்து எப்படிக் கிடந்தது என்று. நான் அந்தத் திடலின் ஓரத்தில், ஜனங்கள் நடந்து தேய்ந்திருந்த தரையைக் காலால் காட்டினேன். இப்படித்தான், நன்றாகத்தான் கிடந்தது என்றேன். ஷெரின் மொழிபெயர்ப்பதற்குள்ளேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

வந்து சொன்னதற்கு நன்றி என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அடுத்த ஆள் வாளியோடு காத்திருந்தார். இவர் அவருக்குச் சொல்லித்தரப் போய்விட்டார்.

ஜூலை பத்தாம் தேதி நூவர்க் விமான நிலையம். பெட்டியை எடை போட்டு அனுப்பிவிட்டு ராஜும் நானும் நின்றுகொண்டிருந்தோம். மூன்று வாரமாக அந்தப் பேச்சை எடுக்காதவன் அப்போது எடுத்தான்.

“பொய் சொன்னது நான்தானே அக்கா. நீ ஒண்ணுமே சொல்லலியே.”

“அதத்தான்டா நானும் சொல்றேன்” என்றேன்.

பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தான். வரிசை நகர்ந்தது.