நான் அழியவிடாத பெயர்

ஆடிக் காற்றில் அந்த மஞ்சள் பட்டுத்திரை அடங்காமல் படபடத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னே, பூங்காவில் புதிதாகக் கட்டி முடித்திருந்த மகளிர் கழிப்பறையின் முகப்பில், கறுப்புப் பளிங்கில் ஒரு கல்வெட்டு பதிக்கப்பட்டிருந்தது. காற்று ஒருமுறை திரையைத் தூக்கினால் பெயரின் முற்பாதி தெரியும். மறுமுறை தூக்கினால் பிற்பாதி தெரியும். அப்படித் துண்டுதுண்டாக அந்த முழுப்பெயரையும் நான் படித்து முடித்தேன். அதற்குள் என் அக்காளுக்கு நேரக்கூடாதது நேர்ந்துவிட்டிருந்தது. கதவில் பித்தளைப் பூட்டொன்று வெயிலில் மின்னியபடி தொங்கிற்று.

அந்தப் பெயருக்கு உரியவர் அந்நாளில் எங்கள் நகராட்சியின் தலைவர். சங்கரன்கோவிலில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பார் இல்லை. தலைவர் என்றால் அவர்தான். நான் அவருக்குக் கீழே பூங்கா, விளையாட்டுத்திடல், படிப்பகம் முதலான பொது இடங்களை மேற்பார்க்கும் அலுவலில் இருந்தேன். தமிழ் கற்றுவிட்டு ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் இடுவிக்கும் வேலைக்கு வந்தவன் என்று நண்பர்கள் நகைப்பார்கள். எனக்கு அதில் குறை தோன்றியதில்லை. வெயிற்காலத்தில் புல்தரையைக் கருகாமல் காப்பதும், வேலியைப் பிரித்து நுழையும் ஆடுகளோடு மல்லுக்கட்டுவதும், செயற்கை நீரூற்றில் பாசி பிடிக்காமல் பார்ப்பதும் ஊருக்குச் செய்யும் பணியே என்று மெய்யாகவே நம்பியிருந்தேன்.

அப்பணியின் உச்சம் எங்கள் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழா. அன்று வாசுதேவநல்லூர், சிவகிரி, மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துச் சிற்றூர்கள் எல்லாம் பேருந்துகளில் வந்து இறங்கும். கோவிலைச் சுற்றி நிற்க இடம் கிடைக்காதோர் பூங்காவைத்தான் நாடுவர். பூச்செடிப் பாத்திகளின் மேல் உடைமரத்து முள்ளைப் பரப்பி வைப்போம். நீரூற்றைச் சுற்றிக் கயிறு கட்டுவோம். பெண்களுக்கெனப் பின்மதிலை ஒட்டித் தென்னந்தட்டிகளால் மறைப்புக் கட்டிக் கொடுப்போம். கட்டடமாகக் கழிப்பறை இல்லாத நாளிலும் அந்தத் தட்டி மறைப்பு பெண்களின் மானத்தைக் காத்துவந்தது. அவ்வாண்டு தலைவர் அதற்கும் தடை போட்டார். புதுக் கட்டடத்துக்கு முன்னால் ஓலைத்தட்டி கட்டினால் பார்வைக்கு அசிங்கம் என்றார். அப்படியாயின் புதுக் கட்டடத்தைத் திறந்துவிடலாமே என்று கேட்டேன். தலைநகரிலிருந்து வந்து திறந்துவைக்க வேண்டிய பெரியவரின் நாள் இன்னும் கிடைக்கவில்லை என்றார். திறவுகோல் அவர் மடியில் இருந்தது.

கட்டடம் முடிந்து, தண்ணீர் வந்து, வெள்ளையடித்து, கல்லும் பதித்தாயிற்று. ஆயினும் திறப்புவிழா முடியும் மட்டும் ஒருவர் காலும் உள்ளே படக்கூடாது. இப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊர்ப்புறத்து நகராட்சிகளில் வேரோடியிருக்கிறது. பேருந்து நிழற்குடையைக் கயிறு கட்டி மறித்து, பயணிகளை வெயிலில் நிறுத்திவைத்ததையும் நான் கண்டிருக்கிறேன். கட்டடம் எதற்காக எழுந்தது என்பது விழாவுக்குப் பிறகே நினைவுக்கு வரும் போலும்.

என் அக்காள் மேலநீலிதநல்லூருக்கு அருகே ஒரு மானாவாரிச் சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். ஆண்டுதோறும் தபசுக்கு வருவாள். தன் காட்டில் விளைந்த பருத்தியையும் வற்றலையும் மடியில் கட்டிவந்து, தவமிருந்த அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுக்கும் நேரத்தில் சப்பரத்தை நோக்கி எறிந்து வணங்கிவிட்டுத்தான் ஊர் திரும்புவாள். எங்கள் குடும்பத்தில் அவளைப்போல் தலை நிமிர்ந்து நடந்தவர் இல்லை. அன்று தன் கணவன் வழிப் பெண்களோடு வந்தவள், பூட்டிய கதவுக்கு முன்னால் என்னைக் கண்டுபிடித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏலே தம்பி, பூங்காவுக்கு நீதான் பெரியாளுன்னு எங்க ஊர் பூராவும் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். ஒரு கதவைத் தொறக்க முடியலையால உனக்கு?"

உடன் வந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்க முயன்றாள். ஆனால் மதிலைப் பற்றிய கையை எடுக்கவில்லை. இந்தா வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

தலைவர் தேரோடும் வீதியில் பந்தலிட்டு, வருவோர்க்கு நீர்மோர் வழங்கிக்கொண்டிருந்தார். நெருங்கிச் சென்று, காதோடு சொன்னேன். என் அக்காளுக்கு இயலவில்லை, நூற்றுக்கணக்கில் பெண்கள் தவிக்கிறார்கள், இன்று ஒருநாள் மட்டும் கதவைத் திறக்கலாம் என்றேன். நான் காதோடு சொன்னதற்கு அவர் பந்தல் முழுவதும் கேட்க விடை சொன்னார்.

"உம்ம அக்காளுக்கு அவசரமா வே? மேலநீலிதநல்லூர்க்காரிக்குக் காடு கரை புதுசாக்கும்? நாலு எட்டு நடந்து ஒரு உடைமரத்து மறைவுல ஒதுங்கச் சொல்லும். பெரியவரு வந்து ரிப்பன் வெட்டுததுக்கு முன்ன கண்டவளும் உள்ள போயிட்டு வந்தா, அப்புறம் அது என்ன வே திறப்பு விழா?"

பந்தல் சிரித்தது. மோர்க் குவளையைக் கையில் பிடித்திருந்தவர்கள் மோர் சிந்தச் சிரித்தார்கள். நான் வெறுங்கையோடு திரும்பினேன்.

அக்காள் அதே இடத்தில் நின்றிருந்தாள். சேலையின் கீழ்ப்பகுதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. சுற்றிலும் மனிதர்கள். உடன் வந்த பெண்கள் இருவர் அவளை மறைத்து நின்றாலும், ஒருத்தியின் வாய் ஓரத்தில் அடக்கிய சிரிப்பை நான் பார்த்தேன். அக்காள் என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தாள். அவள் நிலத்தைப் பார்த்து நின்று நான் அதற்கு முன் கண்டதில்லை. தோட்டக்காரரிடமிருந்து கடப்பாரையை வாங்கிப் பூட்டை உடைத்தேன். பெண்கள் வெள்ளமாக உள்ளே புகுந்தார்கள். அக்காள் மட்டும் போகவில்லை. "இனி எதுக்குலே" என்றாள். காட்சி காணாமல், மடியில் கட்டிய பருத்தியை அவிழ்க்காமல், அடுத்த பேருந்தில் ஊருக்குப் போனாள். அதன்பின் இறக்கும்வரை அவள் சங்கரன்கோவில் எல்லைக்குள் கால் வைக்கவில்லை.

பூட்டை உடைத்ததற்குத் தண்டனையாகத் தலைவர் என்னைச் சுடுகாட்டுப் பராமரிப்புக்கு மாற்றினார். "அங்கன உம்மகிட்ட எவளும் அவசரம்னு வந்து நிக்க மாட்டா" என்று வழியனுப்பவும் செய்தார். பெரியவர் பிறகு ஒருநாள் வந்தார். புதுப் பூட்டு வாங்கிப் பூட்டி, அதைத் திறந்து, பலமுறை பயன்பட்டுவிட்ட அக்கட்டடத்தைத் திறந்துவைத்தார்கள். மஞ்சள் திரையை விலக்கும்போது தலைவர் தம் பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார் என்று சொன்னார்கள். சுடுகாட்டுப் புகைக்கூண்டின் நிழலில் அமர்ந்து அச்செய்தியைக் கேட்ட அன்று, அந்தப் பெயரை நான் என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

காலம் எனக்கு உதவிற்று. தேர்தலில் அவர் தோற்றார். பூங்கா பாழ்பட்டுக் கிடக்கக் கண்ட புதிய ஆணையர் என்னை மீட்டுக் கொணர்ந்தார். பழைய ஆட்சியின் கற்களைப் பெயர்த்துத் தம் கற்களைப் பதிப்பது புதியவர்களின் முதற்கடன் ஆதலால், நுழைவு வளைவு, சிறுவர் திடல், படிப்பகம், நீரூற்று என எங்கெல்லாம் தலைவரின் பெயர் இருந்ததோ அங்கெல்லாம் உளி விழுந்தது. நான் ஒன்றையும் தடுக்கவில்லை. மகளிர் கழிப்பறைக்கு வந்ததும் கொத்தனார் கேட்டார்: "இதையும் பேத்துரவா சார்?" அது இருக்கட்டும் என்றேன். புதியவர்களும் மறுத்தாரில்லை, கழிப்பறை வாயிலில் தம் பெயர் இருக்க விரும்பியவர் அவர்களுள் ஒருவரும் இலர். இவ்வாறாக, ஊரெல்லாம் பெயர் பொறித்த ஒரு மனிதருக்கு இந்நகரில் எஞ்சியது அந்த ஒரு கல்.

அக்கல்லை நான் கோவிற் கல்வெட்டைப்போல் பேணினேன். ஆண்டுதோறும் ஆடி பிறக்குமுன் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, எழுத்தின் குழிவுகளில் பொன்வண்ணம் ஊட்டுவேன். ஓய்வுபெற்ற பின்பும், பூங்காவில் நடப்போர் மன்றத்தின் செயலாளன் என்ற உரிமையில், அதை விடவில்லை. தபசுக்கு வரும் சிற்றூர்ப் பெண்கள் வரிசையில் காத்துநிற்கையில் அவர்கள் கண் படுவதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை. அப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். மூக்கைப் பொத்தியபடி படிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நம் நாட்டில் பெருகியது குறித்து என்னைவிட மகிழ்ந்தவர் இருக்க முடியாது.

இதில் நான் எதிர்பாராத ஒன்று நேர்ந்தது. முதுமையும் நீரிழிவும் சேர்ந்து தலைவரைக் காலை நடைக்கு அதே பூங்காவுக்குக் கொண்டுவந்தன. சூழ்ந்திருந்த கூட்டம் கலைந்துபோய்த் தனியே வந்தார். ஒருநாள் நான் வண்ணம் ஊட்டிக்கொண்டிருந்ததைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு, அருகே வந்து என் இரு கைகளையும் பற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஊரே மறந்துட்டு வே. நான் தூக்கிவிட்ட பயலுவகூட வழியில பாத்தா மூஞ்சியத் திருப்புதானுவ. உம்மச் சுடுகாட்டுல போட்டேன்; நீரு எம் பேரைக் கழுவி வச்சிருக்கீரு."

என் பகையை அவர் பற்றென்று கொண்டார். எனக்குச் சினம் பொங்கிற்று. ஆயினும் கைகளை விடுவித்துக்கொண்டு மீண்டும் தூரிகையை எடுத்தேன். அதன்பின் நாள்தோறும் தேநீர்க் கடையில் எனக்கும் சேர்த்துத் தேநீர் சொல்வார். மற்றவர்களிடம் என்னைக் காட்டி, "மனுசன்னா இவருதான்" என்பார். யாரை நினைந்து தண்டனை வகுத்தேனோ அவரே அதை மாலையாக அணிந்து உலவினார். வஞ்சம் தீர்ப்பவனுக்கு இதைவிடத் தோல்வி உண்டா என்று பலநாள் எண்ணிக் குமைந்தேன். உண்மையைச் சொல்லத் தக்க வாயிலை அவரே திறந்தார்.

"வே, அந்தக் கல்லு பொம்பளையாளு கக்கூசு வாசல்ல கிடக்குதது ஒரு மாதிரியா இருக்கு. ஆணையர்ட்ட சொல்லி, பூங்கா முன்வாசலுக்கு மாத்திப்பிட்டா என்ன? நீரு சொன்னா கேப்பாரு."

"அது அங்கனதான் இருக்கணும் தலைவரே."

"ஏன் வே?"

"எங்க அக்கா அங்கனதான் நின்னா."

அவருக்கு நினைவில்லை. எந்த அக்காள் என்று கேட்டார். பூட்டையும், மோர்ப் பந்தலையும், உடைமரத்தையும், அவர் சொன்ன சொல் ஒன்றையும் மாற்றாமல் எடுத்துரைத்தேன். முதலில் சிரித்தார்.

"அட, விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன் வே. தபசு நேரத்துல ஆயிரம் சோலி. இதையா இம்புட்டுக் காலம் வயித்துக்குள்ள வச்சிருந்தீரு?"

"ஆமா."

சற்றுப் பொறுத்துத்தான் அவருக்கு விளங்கிற்று. தேநீர்க் குவளையைப் பலகையில் வைத்தார்.

"அப்பம் வருசா வருசம் நீரு பெயிண்டு அடிச்சது…"

"அதுக்குத்தான்."

குனிந்து தம் கால்களைப் பார்த்தார். பிறகு, "அழிச்சிரும் வே" என்றார். குரலில் தலைவர் இல்லை. நூல்கள் எல்லாம் பொறுமையைப் போற்றுகின்றன. நானும் அவற்றைக் கற்றவனே. எனக்குள் இரக்கம் எங்கேனும் சுரக்கிறதா என்று நேர்மையாகவே தேடிப் பார்த்தேன். நிலத்தைப் பார்த்து நின்ற ஒரு பெண்ணைத்தான் கண்டேன்.

"நீங்க கட்டி வச்ச கட்டடம். உங்க பேரை அழிக்க நான் யாரு தலைவரே?" என்றேன்.

சில நாள் சென்று, கல்லின்மேல் யாரோ சிமெண்டுப் பாலைப் பூசியிருந்தார்கள். இறுகுமுன் கண்டமையால் சுரண்டி எடுத்துவிட்டேன். தலைவர் பூங்காவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். இப்போது இராசபாளையம் சாலையின் ஓரத்தில், பேருந்துகள் இறைக்கும் புழுதியில், கோலூன்றி நடக்கிறார் என்று அறிகிறேன். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

சென்ற ஐப்பசியில், வங்கி வேலையாக அக்காளின் மகள் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தாள். பேருந்துக்கு நேரம் இருந்ததால் பூங்காவில் என்னைப் பார்க்க வந்தாள்; கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, முகம் துடைத்தபடி வாயிலில் நின்றாள். "உள்ள நல்லா சுத்தமா வச்சிருக்காங்க மாமா. தண்ணியும் வருது" என்றாள். அப்போதுதான் அவள் கண் கல்லின்மேல் பட்டது.

"இது யாரு பேரு மாமா?"

அவள் தாய் அவளிடம் என்ன சொல்லியிருந்தாள், எதை மறைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆகவே சுருக்கமாகச் சொன்னேன்: "ஒரு தபசன்னைக்கு இந்தக் கதவைப் பூட்டி வச்சு, உங்க அம்மையை வெளிய நிக்க வச்சவரு."

தாய் ஏன் ஒரு தபசுக்கும் தன்னை அழைத்துவரவில்லை என்ற வினாவோடு வளர்ந்தவள் அவள். பெயரை முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். மழையில் இரண்டோர் எழுத்துகள் வெளிறியிருந்தன. ஆண்டுதோறும் ஆடிக்கு முன் நானே வண்ணம் ஊட்டுவது வழக்கம் என்றேன். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பெயிண்டு மங்கிப்போச்சு மாமா" என்றாள். "ஆடி வரைக்கும் விட்டு வைக்காதீங்க. இப்பமே அடிங்க."