பகலில் தூங்கும் தெருவுக்கு ஒரு ஹெட்டர்

எங்கள் தெருவில் எந்த நேரம் பார்த்தாலும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லை ஒட்டிய தெரு அது. இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் காலையில் வந்து, இட்லியைத் தின்றுவிட்டு, ஜன்னலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்துவிடுவார்கள். காய்கறிக்காரர் தெருமுனையிலேயே கூவிவிட்டு, உள்ளே நுழைந்ததும் வாயை மூடிக்கொள்வார். பைக் வைத்திருப்பவர்கள் மெயின் ரோடு வரை உருட்டிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வார்கள். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் மீறிப் பார்த்தால் தெரியும். இந்தத் தெருவில்தான் நான் பந்தயக் கார் வைத்திருக்கிறேன்.

பந்தயக் கார் என்றதும் டிவியில் வருவதை நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய சிவப்பு ஹேட்ச்பேக், பெட்ரோல் வண்டி. வார நாட்களில் அதில்தான் அம்பாசமுத்திரத்துக்கு இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்காவது மைதானம் கிடைத்தால் ஆட்டோகிராஸ். பெரிய தார்த்தளத்தில் ரப்பர் கூம்புகளை வளைத்து வளைத்து நட்டுவைத்து, ஒவ்வொரு காராக உள்ளே விட்டு நேரம் பார்ப்பார்கள். எங்கள் வட்டாரத்தில் இதை ஓட்டுகிற பெண் நான் ஒருத்திதான். நன்றாகவே ஓட்டுவேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

குறை ஒன்றுதான். கூம்பை ஒட்டித் திரும்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால், வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் இழுக்கும். கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்புக் குழாயில் எஞ்சினின் நான்கு சிலிண்டர் புகையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வெளியே வருவதுதான் காரணம். அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் வைத்து, அப்புறம் ஒன்றாகச் சேர்க்கிற ஹெட்டரைப் போட்டால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும். எந்த ஹெட்டர் என்பதில்தான் வம்பே.

திருநெல்வேலி பைபாஸில் ஒரு பட்டறை. அதன் உரிமையாளர் கூடங்குளம் பக்கத்துக் கடற்கரைக்காரர், படகு எஞ்சின் பார்த்த குடும்பம். அலைக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. பக்கத்தில் நிற்பவரிடமும் அக்கரையில் நிற்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். சத்தம் இல்லாத எஞ்சினை அவர் எஞ்சின் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

"நாலு பைப்பும் ஒரே எடத்துல வந்து சேரணும்க்கா. அதான் பவரு. மாட்டித் தாரேன், ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார். மாட்டினார். பைபாஸில் லாரிகள் போகிற இரைச்சலில் அது நன்றாகத்தான் கேட்டது. வீட்டுக்குக் கிளம்பினேன். சேரன்மகாதேவி தாண்டி வயல்வெளி வந்ததும் அந்தச் சத்தம் எனக்கே அதிகமாகத் தெரிந்தது. உச்சி வெயிலில் எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். வரிசையாகக் கதவு திறந்தது.

எதிர்வீட்டு அண்ணாச்சி மில்லில் மேஸ்திரி. நெஞ்சில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் வந்து நின்றார்.

"ஏம்மா, மில்லுல பாய்லர் வெடிச்சிட்டுன்னுல்லா ஓடியாந்தேன்."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. புது பைப்பு."

"நா உன்னைய ஓட்டாதன்னு சொல்லல. ஓட்டு. ஆனா இந்தச் சத்தம் இன்னொரு மட்டம் கேட்டுச்சுன்னா, வண்டிய பாவநாசம் ரோட்டுல கொண்டு போயி நிப்பாட்டிக்கோ. இங்கன வேண்டாம்."

பாவநாசம் ரோட்டில் நிறுத்துவது என்றால் குரங்குகளுக்குத் தாரை வார்ப்பது என்று அர்த்தம். வைப்பர் ஒரு நாள் தாங்காது. கண்ணாடி இரண்டு நாள். கார் வாசலில் நிற்காவிட்டால் என் பந்தயமும் அத்தோடு சரி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் காட்டுவது? தூக்கம் கெட்ட மனுஷன் ராத்திரி ஓடுகிற மெஷினுக்குள் கையை விட வேண்டும். என் வீட்டுக்காரரும் அதே மில்லில், அதே ஷிப்டில்தான். அவரும் எழுந்து வந்து வாசலில் நின்றார். ஜன்னல் போர்வையை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துவிட்டார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாளே மெயின் ரோடு வரை உருட்டிக்கொண்டு போய், பட்டறையில் கழற்றச் சொன்னேன். பட்டறைக்காரர் ஸ்பானரை வைத்துக்கொண்டு சிரித்தார். "சத்தம் ஆகாதுன்னா கம்பெனி பைப்பையே வச்சுக்கிடுங்க. வேகமும் வேணும், ஊரும் ஒறங்கணும்னா எப்படிக்கா? ரெண்டும் சேந்து கெடைக்காது."

யாராவது கிடைக்காது என்று சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கிடைக்க வைத்துக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வழி கிடைத்தது ஒரு மின்வெட்டில். லீவு போட்டு வீட்டில் இருந்த ஒரு மத்தியானம் கரண்ட் போனது. எங்கள் தெருவில் பாதிப்பேர் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மில்லின் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்ச நேரத்தில் மெஷின்களின் உறுமல் நின்று ஊரே விறைத்துப் போனது போல ஆனது. வீட்டுக்காரர் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து வந்தார். "மில்லு நின்னுட்டா?" என்றார். வெளியே பார்த்தால் அண்ணாச்சி உட்பட அத்தனை பேரும் வாசலில். உறுமல் திரும்ப வந்ததும், பால் குடித்த பிள்ளைகள் மாதிரி ஒவ்வொருவராக உள்ளே போய்ப் படுத்துவிட்டார்கள்.

பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்திருக்கிறேன், இது எனக்கு உறைத்ததே இல்லை. இவர்கள் அமைதியில் தூங்குகிறவர்கள் இல்லை. சத்தத்தின் மேல் தூங்குகிறவர்கள். தாழ்ந்து, ஒரே சீராக வருகிற சத்தம் அவர்களுக்குத் தாலாட்டு. பீறிட்டுக் கிழிக்கிற சத்தம்தான் எழுப்பும். அப்படியென்றால் எனக்கு வேண்டியது சத்தமே இல்லாத ஹெட்டர் இல்லை. மில்லு மாதிரி உறுமுகிற ஹெட்டர்.

அதன் பிறகு நான் ஹெட்டர் பார்த்த விதத்தை இன்றைக்கும் பட்டறையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்த வீட்டுக்காரரை அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு போவேன். பட்டறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். வருகிற வண்டிகளை, கூட ஓட்டுகிற நண்பர்களின் வண்டிகளை, ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்வோம். கண்ணைத் திறக்காமலே தீர்ப்பு வரும்.

"இது எழுப்பிரும்."

"இது பரவால்ல. ஆனா பையப் பைய எரிச்சல் பண்ணும்."

ஒரு வண்டிக்குத் தீர்ப்பே வரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பினால், "நம்ம ரிங் பிரேம் பக்கத்துல நிக்க மாதிரில்லா இருந்துச்சு" என்றார். ரிங் பிரேம் அவர் பார்க்கிற நூற்பு மெஷின். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அந்த வண்டியில் இருந்தது நான்கு குழாயும் முதலில் இரண்டாகச் சேர்ந்து, அந்த இரண்டும் அப்புறம் ஒன்றாகச் சேருகிற வகை. நீளக் குழாய்கள், நான்கும் ஒரே அளவு, தடித்த துருப்பிடிக்காத இரும்பு. மெல்லிய தகடு என்றால் தட்டு மாதிரி கிணுகிணுக்கும். தடித்தது அடக்கி வாசிக்கும். கனம் கொஞ்சம் கூடத்தான். கல்லிடைக்குறிச்சி வேகத்தடைகளில் அடிபடாமல் இருக்க, அடிக்குழாயை மேலே ஏற்றி வளைக்கச் சொன்னேன். புகையைச் சுத்தப்படுத்துகிற கன்வெர்ட்டரைக் கழற்றக் கூடாது என்றேன். அதற்குப் பின்னால் ஒலியை அடக்குகிற பெட்டி ஒன்று.

பட்டறைக்காரருக்கு மனசே இல்லை. "கடைசி வேகத்துல மூச்சு வாங்கும்க்கா, பாத்துக்கிடுங்க."

"அந்தக் கடைசிக்கு நான் எங்க போவப் போறேன்? கூம்புக்கு நடுவுல ரெண்டாவது கியர தாண்டுனா அதிசயம். எனக்கு நடுவுலதான் இழுக்கணும்" என்றேன்.

"அப்பச் சரிக்கா" என்றார், முதல் தடவையாகப் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

மாட்டிக்கொண்டு திரும்பும்போது மணிமுத்தாறு ரோட்டில் ஒரு சுற்றுப் போனேன். வளைவில் திரும்பி மிதித்தேன். யோசிக்கவில்லை, இழுத்தது. தனியாகக் காருக்குள் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன்.

போட்டி மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வண்டியோடு நான் வந்து சேர்ந்தது ஷிப்ட்காரர்கள் மில்லுக்குப் போன பிறகு, அதனால் தெரு இன்னும் புது ஹெட்டரைக் கேட்டிருக்கவில்லை. நான் கிளம்புகிற நேரத்துக்கு இரவு ஷிப்ட்காரர்கள் அப்போதுதான் கண் அசந்திருப்பார்கள். ஆறிக் கிடக்கிற எஞ்சின் எழும்போதுதான் சத்தம் அதிகம். வீட்டுக்காரர் தூங்காமல் எனக்காக உட்கார்ந்திருந்தார். "மெயின் ரோடு வரை உருட்டிருவமா? எதுக்கு வம்பு?" என்று கிசுகிசுத்தார்.

"உருட்டிட்டுப் போறதுக்கா இவ்வளவு பாடும் பட்டேன்?" என்று சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் உறுமியது. அண்ணாச்சி வீட்டு ஜன்னல் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. அப்படியே பைய நகர்த்தித் தெருவைத் தாண்டினேன். நல்லபடியாகத்தான் போயிற்று என்று தோன்றியது, ஆனால் போர்வைக்குப் பின்னால் அவர் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? போட்டி நடக்கிற பாளையங்கோட்டை போகும்வரை இதே நினைப்புதான்.

களத்தில் அதையெல்லாம் மறந்துவிட்டேன். ஒரு கூம்பைக்கூடத் தொடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கால் கேட்டதை வண்டி கொடுத்தது. நான்கும் ஒன்றாய்ச் சேர்கிற பைப்புக்காரர்கள் எல்லோரும் காது கிழியக் கத்திக்கொண்டு ஓட்டியும், நேரத்தில் எனக்குப் பின்னால்தான் வந்தார்கள். என் பிரிவில் முதலிடம். வேடிக்கை பார்க்க வந்திருந்த பட்டறைக்காரர் போட்ட விசில் சத்தம் தாமிரபரணி தாண்டிக் கேட்டிருக்கும்.

சாயங்காலம் திரும்பி வந்து வாசலில் காரை நிறுத்தி, கோப்பையை எடுக்க டிக்கியைத் திறந்தேன். எதிர்வீட்டு அண்ணாச்சி தூங்கி எழுந்து, முகம் கழுவிய ஈரத்தோடு வெளியே வந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னைக்குத்தானே போட்டின்ன? போவலியா? உடம்புக்கு ஏதும் சுகமில்லையா?"

"போயிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி."

"சும்மா சொல்லாத. வண்டிய எடுத்த சத்தமே கேக்கலியே."

நம்பாமல் இறங்கி வந்து பானெட்டில் கையை வைத்தார். சுட்டிருக்க வேண்டும், வெடுக்கென்று கையை எடுத்து உதறினார். என் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சரி, இங்கனயே நிக்கட்டும்" என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டு டிக்கியை மூடினேன். அவருக்குக் கோப்பையைக் காட்ட வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.