அத்தானுக்குப் பின்னால் நின்ற ஹீலர்

அந்த விளையாட்டை அத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வைத்து. தொண்ணூறுகளின் கடைசி. இன்டர்நெட்டில் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அரக்கர்களை அடித்து அடித்து மேலே ஏறவேண்டும். அவர் கிள்ளானில் ஒரு சைபர் கபேயில், நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைபர் கபேயில் உட்கார்ந்து ஒரே காட்டுக்குள் நடக்கலாம். அத்தை மகன் என்பதால் வீட்டில் யாரும் தடை சொல்லவில்லை. எப்படியும் இவளை அவனுக்குத்தானே கொடுக்கப்போகிறோம் என்ற பேச்சு, நான் சமைந்த நாளிலிருந்து இரண்டு வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு மந்திரக்காரி வேடத்தின் மேல் ஆசை. கையை நீட்டினால் நெருப்புப் பறக்கும். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

“ரெண்டு பேரும் அடிக்கிற ஆளாப் போனா காயத்த யாரு ஆத்துறது? நான் ஃபைட்டர், நீ ஹீலர். நான் முன்னால நின்னு அடி வாங்குறேன். நீ பின்னால நின்னு எனக்கு உயிர் குடுத்துக்கிட்டே இரு. ஜோடின்னா அப்படித்தான் லா.”

“ரெண்டு பேருமே கொஞ்சம் அடிச்சு, கொஞ்சம் ஆத்திக்கிட்டா என்ன?”

“ரெண்டுங்கெட்டானாப் போயிடும்.”

அவர் சொன்னது தப்பில்லை. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அதில்தான். கலந்து எடுத்த ஜோடிகளெல்லாம் முதல் குகையிலேயே மண்ணைக் கவ்வியதை நானே பார்த்தேன். நாங்கள் மளமளவென்று ஏறினோம். மேலே ஏற ஏறப் புள்ளிகள் கிடைக்கும். பலத்தில் போடலாம், வைத்தியத்தில் போடலாம். “எல்லாத்தையும் வைத்தியத்துல போடு, உனக்கு எதுக்குப் பலம், நான் இல்லையா?” என்றார். போட்டேன். ஒருமுறை போட்டால் போட்டதுதான், திருப்பி எடுக்க முடியாது. அவர் இல்லாமல் ஊர்வாசலைத் தாண்டினால் ஒரு காட்டுப்பன்றிகூட என்னைத் துவைத்து எடுத்துவிடும்.

அந்த விளையாட்டில் மலை, கோட்டை, கடல் எல்லாம் உண்டு என்பார்கள். நான் எங்கே பார்த்தேன்? திரையின் ஓரத்தில் அத்தானின் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். அது குறைந்தால் ஏற்றவேண்டும். கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரக்கன் விழுந்தால் கூட இருப்பவர்கள் அவரைப் புகழ்வார்கள். அவர் விழுந்தால் “ஹீலர் தூங்குதா?” என்று கேட்பார்கள். கேட்டவர்களில் அத்தானும் உண்டு.

பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஆறாம் படிவப் பரீட்சை வந்தது. ஒரு மாதம் கபே பக்கம் போகக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தான் என் பாஸ்வேர்டைக் கேட்டார். “ரெண்டு கம்ப்யூட்டர்ல உக்காந்து உன்னையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போறேன். இல்லன்னா நீ பின்தங்கிடுவ,” என்றார். கட்டிக்கப்போகிறவரிடம் பாஸ்வேர்டை மறைப்பதா? கொடுத்தேன். என் மேல் எவ்வளவு அக்கறை என்று மனசு குளிர்ந்துகூடப் போனது.

பரீட்சை முடிந்த மறுநாளே கபேக்கு ஓடினேன். பாஸ்வேர்டைப் போட்டால் விளையாட்டு உள்ளே விடவில்லை. இந்த ஆள் ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கிறார் என்று திரை சொன்னது. அத்தான்தான் இரண்டு பேரையும் ஆட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, விளையாட்டாக ஒரு புது வேடம் எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போனேன். ஊர்வாசலில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அவருக்குப் பின்னால் என் வெள்ளை அங்கி, நான் தேடித் தேடி எடுத்த கோல். ஹலோ சொன்னேன். ஹீலர்தான் பதில் போட்டது, ஆங்கிலத்தில். “நீ புதுசா? பயப்படாதே. எனக்கும் இவன்தான் சொல்லிக்கொடுத்தான்.” வரும் வழியில் பன்றியிடம் நான் வாங்கிய கடிகளையெல்லாம் ஆற்றிவிட்டது. என்னையே எனக்குப் பிச்சை போட்ட மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு, அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தான் சோபாவில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“யாரு அவ?”

“கபேக்கு வர்ற பொண்ணு, சும்மா ஃப்ரெண்ட்தான். நீ வரல, ஹீலர் இல்லாம நான் எப்படி ஆடுறது?”

“அது நான், அத்தான்.”

“அது ஒரு ஹீலர். யாரு ஆடினா என்ன? கோவப்படாத லா, வேணும்னா திருப்பி வாங்கித் தரேன்.”

அவர் முகத்தில் திருட்டு முழி இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒன்றும் இல்லை. பேப்பரைக்கூடக் கீழே வைக்கவில்லை. நான் ஏன் வந்திருக்கிறேன் என்றே அவருக்குப் புரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து அத்தை பூவும் பழமும் தட்டில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். “அவன் முரடு, இவ பொறுமைசாலி, பொருத்தம்னா இதான் பொருத்தம்,” என்று கூடத்தில் எல்லாரும் ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்படிச் சொல்லாதம்மா. நீ இல்லாம அவனுக்கு ஆகாது.”

“ஆகும் அத்தை,” என்றேன். “நான் பரீட்சை எழுதிக்கிட்டிருந்த மாசமே ஆயிடுச்சு.”