நான் நோயாளியாக நடித்த சனிக்கிழமை

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷம், எங்கள் குடும்பத்திலேயே அதிகமாகப் படித்துக்கொண்டிருந்தவர் என் அத்தைதான். அத்தை என்றால் மாமாவின் மனைவி. மாமா அம்மாவின் தம்பி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். அத்தை ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். மாமாவுக்குப் பண்ருட்டியில் முந்திரிக் கிடங்கில் வேலை.

முந்தின வருஷம் மாமா ஒரு மாதம் ஊரில் இல்லை. டிரெய்னிங் போயிருப்பதாக எனக்குச் சொன்னார்கள். கொஞ்சம் சதை போட்டுத் திரும்பி வந்தார். அவர் வந்த பிறகுதான் அத்தைக்குத் திடீரென்று படிப்பு ஆசை வந்தது. குடிக்கும் போதைமருந்துக்கும் அடிமையானவர்களோடு உட்கார்ந்து பேசி, அதிலிருந்து வெளியே வர உதவுகிற ஆலோசகர் படிப்பு. தபாலில் புத்தகம் வரும். மாதம் ஒரு ஞாயிறு சிதம்பரத்தில் வகுப்பு. இந்த இரண்டு சங்கதிகளையும் சேர்த்துப் பார்க்கிற வயது எனக்கு அப்போது இல்லை.

அத்தைக்குக் கேள்வி கேட்பது என் வேலை. பள்ளி விட்டதும் போய் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். திடீரென்று நிறுத்தினால் உடம்பில் என்னென்ன நடக்கும், எத்தனையாவது நாளில் கை நடுங்கும், கஞ்சாவுக்கும் தூக்கமாத்திரைக்கும் என்ன வித்தியாசம் என்று வரிசையாகக் கேட்பேன். அத்தை சப்பாத்தி தேய்த்தபடியே பதில் சொல்வார். தப்பாகச் சொன்னால் திருத்துகிற அதிகாரம் எனக்கு இருந்தது. படித்ததைச் சோதித்துப் பார்க்க ஒருநாள் எங்கள் வீட்டு டீத்தூள் டப்பாவை ஒளித்து வைத்தேன். பத்து மணிக்கு அம்மாவுக்குத் தலைவலி வந்தது. பத்தரைக்கு எனக்கு முதுகில் அடி விழுந்தது. இரண்டையும் குறித்து வைத்து அத்தையிடம் காட்டினேன். அத்தை சிரித்த சிரிப்பில் மாவு முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

அந்த நோட்டில் இருந்த நோயாளிகள் எனக்கு எங்கோ இருக்கிற மனிதர்கள். பூகோளப் புத்தகத்து எஸ்கிமோக்களைப் போல.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் எழுத்து. மதியம் ஒருவரை நோயாளியாக உட்காரவைத்து, அவரிடம் எப்படிப் பேசுவோம் என்று ஆசிரியர்கள் முன்னால் பேசிக் காட்ட வேண்டும். அத்தைக்கு மதியத்தை நினைத்துத்தான் பயம். முந்தின நாள் சனிக்கிழமை, மாமா வேலைக்குப் போன பிறகு, என்னை எதிர் நாற்காலியில் உட்காரவைத்தார்.

நான் சினிமாவில் பார்த்தபடி தலையைத் தொங்கப்போட்டு, நாக்குக் குழறப் பேசினேன்.

"குடிக்கிறவங்க எல்லாம் தள்ளாடிக்கினே இருக்க மாட்டாங்கடி. நம்மள மாதிரிதான் இருப்பாங்க. சாதாரணமா பேசு" என்றார் அத்தை.

சாதாரணமாகப் பேசுகிற ஆம்பளை என்றால் எனக்கு மாமாதான். அவர் குரலையே எடுத்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"எனக்கு என்னா மேடம், நல்லாதான் இருக்கேன். வீட்லதான் பயந்துக்கினு அனுப்பி வெச்சாங்க."

அத்தைக்கு மகா திருப்தி. "கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"போன ஞாயித்துக்கெழம."

"எங்க?"

நான் கொஞ்சம் யோசித்தேன். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வண்டியில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். அதையே சொன்னேன். "பீச்சாண்ட, மேடம். பாப்பாவுக்கு பஜ்ஜி வாங்கிக் குடுத்து கடைக்கார அக்காகிட்ட உக்கார வெச்சிட்டு, பத்து நிமிஷத்துல வந்துடறேன்னு போவேன். வர்றப்ப ரெண்டு புதினா மிட்டாய் வாயில போட்டுக்குவேன்."

அத்தையின் பேனா நின்றது. பிறகு மெதுவாக, "எவ்ளோ நாளா?" என்றார்.

"பொங்கலுக்கு அப்புறம்தான்."

"வீட்ல சொல்லலியா?"

இதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. போன வாரம்தான் மாமா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நண்பர்களைப் பார்க்கப் போவதை அத்தையிடம் சொல்லக் கூடாது என்று. நான் சத்தியத்தை மீறவில்லை. மேடத்திடம் பேசிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

"சொல்லல மேடம். தெரிஞ்சா அவ பரிட்சையே எழுத மாட்டா. அது முடியட்டும், நானே சொல்லிடறேன்."

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். நான் இறங்கிவிடப் பார்த்தேன். உட்காரச் சொன்னார்.

"சார், நீங்க இங்க வந்து இத சொன்னது பெரிய விஷயம்" என்றார். "உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. இது வியாதி. திரும்ப வரும். திரும்பவும் வைத்தியம் பாக்கலாம்."

நான் நோட்டைத் திறந்து பார்த்தேன். வரிசைப்படி சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஒரு டிக் போட்டேன்.

சாயங்காலம் மாமா வந்தார். அத்தை அவரிடம் சிதம்பரத்துக்குத் துணைக்கு வரச் சொன்னதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. நானும் தொற்றிக்கொண்டேன். மறுநாள் புதுச்சத்திரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அத்தை, நடுவில் நான், இந்தப் பக்கம் மாமா. அத்தை நோட்டைத் திறக்கவே இல்லை. எனக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை.

அத்தை உள்ளே போன பிறகு மாமா எனக்கு இட்லியும் கொத்சும் வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. ஒரு தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் மத்தியானம் முழுக்கக் காத்திருந்தோம். நாலு மணிக்கு அத்தை வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போலாங்க. நான் ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டேன்."

மாமா அத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரியவர்கள் அப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. மாமாவின் முழங்காலில் கையை வைத்து, "பரவால்ல மாமா, ஃபெயிலானா என்ன, அத்தை திரும்ப எழுதிக்கலாம்" என்றேன்.

அத்தை அந்தத் தேர்வில் நன்றாகவே தேறினார். மாமா அதற்குப் பிறகும் இரண்டு முறை விழுந்தார், இரண்டு முறையும் அத்தையே கூட்டிப் போனார். இப்போது மாமா குடிப்பதில்லை. குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு மையத்தில் அத்தை ஆலோசகர். தினமும் காலையில் மாமாதான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்.

ஆனால் அன்று திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மனசே சரியில்லை. ஜன்னல் காற்று முகத்தில் அடிக்க, மாமா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அத்தையின் கை என்னைத் தாண்டி அவர் கைமேல் இருந்தது. என்னால்தான் எல்லாம் கெட்டுப்போயிற்று என்று தோன்றியது.

"நான் இன்னும் நல்லா நடிச்சிருக்கணும் அத்தை" என்றேன்.

அத்தை என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் நடித்தது அவ்வளவு மோசம் என்றுதான் கடலூர் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.