பதினொரு மட்டைத் துண்டுகள்

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இது நடந்தது. இடம், இத்தாலியில், பலெர்மோவின் லிபெர்த்தா பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டின் கீழேயுள்ள கராஜ். நேரம் காலை பத்தேகால் என்றுகூடச் சொல்ல முடியும். அன்றாடம் செய்த வேலைகளை மணியோடு கொப்பியில் எழுதி வைப்பது இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

அந்த வீட்டில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் வீட்டு அம்மாவும் அவருடைய கணவரும் மட்டும்தான். கணவரை நான் ஐயா என்றே எழுதுகிறேன். அவருக்கு வயது அறுபத்தாறு. பக்கவாதம் வந்து அப்போது ஏழு மாதம். வலக்கை இயங்காது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். வருத்தம் வருவதற்கு முன் அவர் கராஜில் ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். பழைய சிறிய கார் ஒன்றை வாங்கி, கூரையைத் தாழ்த்தி, அதற்குள் பெரிய காரின் எஞ்சினை இறக்கியிருந்தார். ஹொட் ரொட் என்பார்களாம். அந்த எஞ்சினுக்குப் பழைய காரின் தளமும் பொருந்தாது, கியர் பெட்டிக்கு மேலே வரும் மூடியும் பொருந்தாது. கடையிலும் கிடைக்காது. ஒவ்வொரு துண்டையும் அந்தக் காருக்கென்றே தகட்டில் செய்ய வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று தெரிந்ததெல்லாம் கராஜ் அழுக்காக இருந்தது என்பது மட்டும்.

சனிக்கிழமை ஐயாவின் நண்பர் வருகிறார், கராஜைக் கூட்டிவிடு என்று சிஞ்ஞோரா சொன்னார். நான் கூட்டுவதோடு நிற்கவில்லை. ஆணிகளை அளவு பார்த்துப் பிரித்துப் போத்தல்களில் போட்டேன். ஸ்பனர்களை வரிசையாகத் தொங்கவிட்டேன். சுவரோரம், கிறிஸ்மஸுக்கு நத்தார் கேக் வரும் அட்டைப் பெட்டிகளில் வெட்டிய மட்டைத் துண்டுகள் கிடந்தன. கோணல்மாணலான துண்டுகள், எண்ணெய்க் கறை, பென்சில் கிறுக்கல். அன்று தெருவில் காகிதக் குப்பை எடுக்கும் நாள். கட்டு ஒழுங்காக அடங்கட்டும் என்று அவற்றை ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, நூலால் கட்டி, வெளியே வைத்தேன். வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது.

புதன்கிழமை ஐயா ஊன்றுகோலுடன் கீழே வந்தார். வெறும் சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கார்த்தோனி?" என்றார். மட்டைகள் எங்கே என்று கேட்கிறார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லப் பயந்தேன். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மேலே சமையலறையில் சிஞ்ஞோரா விஷயத்தைச் சொன்னார். வருத்தம் வருமுன் இரண்டு குளிர்காலமாக ஐயா மட்டையை வெட்டுவார், காருக்குள் வைத்துப் பார்ப்பார், ஒரு நூல் அளவு குறைப்பார், மறுபடி வைத்துப் பார்ப்பாராம். நண்பர் தகட்டு வேலை செய்பவர். மட்டையைத் தகட்டின்மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டத்தான் அவர் சனிக்கிழமை வருகிறார். அன்று வேலை தொடங்காவிட்டால், வேறு வீட்டில் இருக்கும் மகள் கராஜை வாடகைக்கு விடப்போகிறாள், கார் பழைய இரும்புக்குப் போகும். "அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் இந்த மனுசர் காலையில் கட்டிலை விட்டு எழும்புகிறார்" என்றார் சிஞ்ஞோரா. மகள்தான் மட்டைகளை எறிந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவே செய்துவிட்டார். நான் பாத்திரம் கழுவுவதைத் தொடர்ந்தேன்.

அதே நகரின் கபோ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு உணவகத்தில் சமையல் வேலை செய்கிறார். முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"இவ்வளவு காலமும் இஞ்சை என்ரை சாமான்தான் காணாமல் போச்சுது. இப்ப அங்கையும் தொடங்கிட்டீரோ?"

"பகிடியை விடுங்கோ. பழி அந்தப் பிள்ளையின்ரை தலையிலை விழுந்திட்டுது."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லும். வேலை போனால் வேறை வேலை தேடலாம். பொய்யை வைச்சுக்கொண்டு எப்பிடி அந்த வீட்டுப் படி ஏறுவீர்?"

"ஓம்" என்றேன். கொப்பியை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைக்கு நேரே என் அழகான எழுத்தில், "மட்டைத் துண்டுகள் பதினொன்று. வெட்டிக் கட்டி வெளியே வைத்தேன்" என்று இருந்தது. அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. ஊரில் நான் ஒன்பது வருடம் சேலைச் சட்டை தைத்துக் கொடுத்தவள். உடம்பில் அளவெடுத்துக் காகிதத்தில் வெட்ட என் கைக்குத் தெரியும்.

வியாழக்கிழமை, தையல் பெட்டியோடும் எங்கள் தமிழ் ஆட்களின் கடையில் வாங்கிய நான்கு வெறும் மாம்பழ மட்டைப் பெட்டிகளோடும் போனேன். இருவர் முன்னாலும் நின்று, எறிந்தது நான்தான், நேற்றுச் சொன்னது பொய் என்றேன். சிஞ்ஞோரா உடனே மகளுக்குத் தொலைபேசி எடுக்கப் போனார். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் மணி பார்க்காத நேரம் அது. பிறகு கண்ணைத் திறந்து, ஊன்றுகோலால் என் பையைத் தட்டினார். அளவு நாடாவையும் கத்தரிக்கோலையும் எடுத்துக் காட்டினேன். கீழே போவோம் என்று லிஃப்டைக் காட்டினார்.

ஏப்பிரனைக் கட்டிக்கொண்டு காருக்குள் இறங்கி, தளம் இன்னும் போடாத இடத்தில் மண்டியிட்டேன். முதல் துண்டு உள்ளே இறங்கவே இல்லை. பழக்கத்தில் தையலுக்கு என்று சுற்றிவர அரை அங்குலம் விட்டு வெட்டியிருந்தேன். ஐயா இரண்டு தகட்டுத் துண்டுகளை விளிம்போடு விளிம்பு வைத்துக் காட்டினார். தகடு அப்படித்தான் உருக்கி ஒட்டப்படுகிறது, அதற்குத் தையல் விடத் தேவையில்லை. "அங்கோரா" என்றார். இன்னொருக்கா. அன்று அந்தச் சொல்லை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

கியர் பெட்டியின் மூடிதான் கரைச்சல். வளைவின்மேல் மட்டை படியவில்லை. எனக்குச் சட்டையின் நெஞ்சுப் பகுதி நினைவுக்கு வந்தது. இரண்டு இடத்தில் முக்கோணமாக வெட்டி எடுத்து, விளிம்புகளைச் சேர்த்து ஊசி குத்தினேன். மட்டை குனிந்து அப்படியே படுத்துக்கொண்டது. ஐயா இடக்கையால் அதைத் தடவிப் பார்த்தார். பழைய மட்டையில் அவருக்கு அது இவ்வளவு நன்றாகப் படியவில்லையாம். சிஞ்ஞோராவைக் கீழே கூப்பிட்டு அதைக் காட்டினார். அப்போதுதான் சிஞ்ஞோரா என்னைப் பார்த்து, "காப்பி குடிக்கிறாயா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் பதினொரு துண்டுகளும் முடிந்தன. எது எங்கே போகும் என்று இலக்கம் போட வேண்டும். நான் பென்சிலை எடுத்தேன். ஐயா கையை நீட்டினார், இடக்கையை. பயிற்சி கொடுக்க வரும் பெண் எத்தனையோ தடவை கெஞ்சியும் அந்தக் கையால் ஒரு எழுத்தும் எழுதமாட்டேன் என்று இருந்தவர் அவர். மட்டையை நான் பிடித்துக்கொண்டேன். ஒன்று நேராக வந்தது. இரண்டு கவிழ்ந்து விழுந்தது. மூன்றை எழுதும்போது பென்சில் வழுக்கி, மாம்பழப் படத்தின் குறுக்கே நீளமாகக் கோடு இழுத்துவிட்டது. அதைப் பார்த்து அவரே சிரித்தார். பதினொன்று வரைக்கும் எழுதி முடிக்க இருபது நிமிடம் எடுத்தது. சிஞ்ஞோரா படியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

சனிக்கிழமை நண்பர் வந்தார். மாம்பழப் பெட்டிகளைக் கண்டு தலையைச் சொறிந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் காருக்குள் வைத்துப் பார்த்து, தகட்டில் கோடு போடத் தொடங்கினார். எட்டாம் துண்டில் மட்டும் ஒரு விளிம்பைத் திருத்த வேண்டியிருந்தது. அடுத்த வருடம் கார் வெளியே வந்தது. ஓட்டியவர் சிஞ்ஞோரா. பக்கத்தில் உட்கார்ந்து கட்டளை போட்டவர் ஐயா.

வேலை முடிந்த மட்டைகளை எறியச் சொன்னபோது, மூன்றாம் இலக்கத்தை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது அது என் கொப்பிகளுக்கு நடுவில் இருக்கிறது. வீட்டில் ஒழுங்குபடுத்தும் நாள் வந்தால் கணவர் அதைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் குப்பையை எறியட்டோ?" என்று கேட்பார். நான் இன்றைக்கும் துப்புரவாகத்தான் இருக்கிறேன், ஆனால் எந்தக் கிறுக்கல் துண்டையும் எறிவதற்கு முன் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்க்கிறேன். யாரோ ஒருவரின் கை அதில் இருக்கக்கூடும்.