மூன்று அதிகாரம் பாக்கி

எங்கள் அக்கா எழுபத்தேழு வயது வாழ்ந்து கர்த்தரிடம் போய் இன்றோடு ஓராண்டு.

தென்னேரியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் நான்காமவன். முப்பத்தொரு வயதில் கணவரை இழந்து காஞ்சிபுரம் வந்தார். இருபத்தாறு ஆண்டுகள் சத்துணவுக் கூடத்தில் சமைத்து இரு பிள்ளைகளை ஆளாக்கினார். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் அக்காவின் கஞ்சித் தூக்கு முதலில் போய்விடும்.

வருடப்பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அட்டைக்கு ஒரு வசனம். அக்கா எடுத்தவை நாற்பத்தாறு. எல்லாவற்றையும் சுவரில் ஒட்டியிருந்தார். வேதத்தில் அவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் அந்தச் சுவர்தான். எனக்கும் அப்படித்தான். போன வருடம் எடுத்த கடைசி அட்டை ஆயுசைக் கூட்டித் தருவதாகச் சொன்னது. ஈஸ்டருக்கு முந்தின வாரம், வயிற்றில் புற்று, ஆறு மாதம் தாண்டாது என்றார் மருத்துவர்.

"ஆண்டவர் வாக்கு மாறுவாராடா?" என்று அக்கா கேட்டார். வேதத்தை எடுக்கச் சொன்னார். அந்த வசனம் இருந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தேன்.

"இது ஒரு ராஜாவுக்குச் சொன்னதுடா! ஊரார் கடுதாசிய எனக்கு வந்ததுன்னு செவுத்துல ஒட்டிக்கினு இருந்திருக்கேன்," என்று சிரித்தார். "எனக்கு என்னா எழுதியிருக்குதுன்னு பாக்கணும். சுவிசேஷம் நாலும் மொத வரியில இருந்து படி. நான் போறதுக்குள்ள முடிக்கணும்."

எண்பத்தொன்பது அதிகாரம். காலை ஏழு மணிக்கு நாளொன்றுக்கு ஒன்று. வலி மிகுந்த நாட்கள் விட்டுப்போயின. முதல் பக்கத்திலேயே வம்ச வரலாறு.

"பேருங்கள தாண்டிடட்டுமா அக்கா?"

"தாண்டாத. தாண்டித் தாண்டித்தான் இந்தக் கதிக்கு வந்தோம்."

அக்காவோடு இருந்ததில் நான் சபைக்குப் போகாத ஞாயிறுகளை எண்ணி ஒருநாள் புலம்பினேன். பதினேழு.

"சிலுவையில தொங்குன கள்ளன் எத்தினி ஞாயித்துக்கிழம வந்தான்? கேட்டான், கெடச்சுது. ஏசு நமக்காக செத்தாரு, எழுந்தாரு. அதும்மேல உன் கணக்க சேக்காத."

அதன்பின் அக்கா ஆயுசைப் பற்றிப் பேசவே இல்லை.

இரவு பகல் பாராமல் அக்காவைப் பார்த்துக்கொண்ட அவர் மருமகளுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த சபைப் பெண்களுக்கும் நன்றி. பக்கத்து வீட்டு நெசவாளர் சைவர்; தினமும் நாங்கள் வாசித்த அரைமணி நேரம் தறியை நிறுத்தினார். வேண்டாம் என்றேன். "நீ படி சார். அம்மாவுக்குக் காதுல விழணும்ல," என்றார். அவருக்குத் தனி நன்றி.

நான்காம் சுவிசேஷத்தில் பதினெட்டாம் அதிகாரம் முடிந்த மறுநாள் அக்கா கண் விழிக்கவில்லை. மூன்று அதிகாரம் பாக்கி. ஓராண்டாக அந்தப் பக்கங்களைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. இன்று அக்கா வீட்டில் அந்த மூன்றையும் வாசிக்கிறேன். சாப்பாடு அதற்குப் பிறகுதான். தறி ஓடாது என்று பக்கத்து வீட்டார் சொல்லிவிட்டார்கள். யாரும் பாதியில் எழுந்து போக வேண்டாம். ஒரு வரியும் தாண்ட மாட்டேன்.